5 முதல் 8 லட்சத்துக்குள் சிறிய கார்: நிறுவனங்களின் கூட்டணி பிரிந்தாலும் எந்த வண்டிக்கு ஸ்பேர் கிடைக்கும்?

2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களின் வரி 29 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. முன்பு 28% ஜிஎஸ்டியும் 1% செஸ்ஸும் இருந்தன. செஸ் இப்போது இல்லை. 6 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் இருந்த வண்டி, வரி முழுவதையும் கழித்துக் கொடுத்தால் 5.49 லட்சத்துக்கு வரும். ஏறக்குறைய 51,000 ரூபாய் மிச்சம். அப்போது மாருதி அறிவித்த தொடக்க விலைகள்: எஸ்-பிரெஸ்ஸோ 3,49,900, ஆல்டோ கே10 3,69,900, வேகன் ஆர் 4,98,900. ரெனோ க்விட் 4,29,900. பைக்கிலிருந்து காருக்கு மாற நினைத்துத் தள்ளிப்போட்டவர்கள் மறுபடி ஷோரூம் வாசலுக்கு வந்ததற்கு இதுவே காரணம்.

அதே ஆண்டில்தான் நிஸ்ஸான், ரெனோ, ஸ்டெல்லான்டிஸ் (சிட்ரோயனின் தாய் நிறுவனம்) என்று மூன்று பெரிய குழுமங்களின் தலைவர்கள் மாறினார்கள். சென்னை அருகே ரெனோவும் நிஸ்ஸானும் கூட்டாக வைத்திருந்த ஒரகடம் தொழிற்சாலை கைமாறியது. ஹோண்டா-நிஸ்ஸான் இணைப்புப் பேச்சு தொடங்கி இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. கார் வாங்கப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. சிறிய காரை வாங்குகிற நம் வீடுகள் அதைப் பத்து ஆண்டாவது ஓட்டும். அந்தப் பத்து ஆண்டில் நிறுவனம் நாட்டை விட்டுப் போனால் முன் பம்பருக்கும் கிளட்ச் செட்டுக்கும் எங்கே போவது?

எங்கள் கணக்கில் விடை எளிது. வண்டியின் இன்ஜினும் கியர்பாக்ஸும் எத்தனை மாடல்களில், எத்தனை நிறுவனங்களின் பேட்ஜில் ஓடுகின்றன என்று பாருங்கள். அந்த எண்ணிக்கை கூடக் கூட அடுத்த பத்து ஆண்டு நிம்மதி. தலைவர் யார் என்பது அதற்குப் பிறகுதான்.

எந்தத் தலைமை மாற்றத்துக்குக் காது கொடுக்க வேண்டும்?

எல்லாத் தலைமை மாற்றமும் ஒன்றல்ல. ஹூண்டாய் மோட்டார் இந்தியாவுக்கு 2026 ஜனவரி 1 முதல் தருண் கர்க் நிர்வாக இயக்குநர். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். இது நிறுவனத்துக்குள்ளிருந்தே முன்கூட்டி அறிவித்து நடந்த மாற்றம். டாடாவில் 2025 அக்டோபர் 1 அன்று லாரி-பஸ் தொழிலும் கார் தொழிலும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தன. கார் பக்கத்துக்கு சைலேஷ் சந்திரா பொறுப்பேற்றார். அதுவும் அதே வகை. இவற்றால் உங்கள் வண்டியின் ஆயில் ஃபில்டர் விலைகூட மாறாது.

கூட்டணி முறிந்த கையோடு வரும் தலைமை மாற்றம் வேறு சங்கதி. நிஸ்ஸானில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2024 டிசம்பர் 23-ல் ஹோண்டாவோடு இணைப்புக்கான ஒப்பந்தக் குறிப்பு. 2025 பிப்ரவரி 13-ல் பேச்சு முறிவு. மார்ச்சில் தலைவர் மகோடோ உச்சிதா விலகல் அறிவிப்பு. ஏப்ரல் 1-ல் இவான் எஸ்பினோசா பொறுப்பேற்பு. இரண்டுக்கும் நடுவே, மார்ச் 31 அன்று, ஒரகடம் ஆலையில் தன் 51% பங்கை ரெனோவிடம் விற்பதாக நிஸ்ஸான் அறிவித்தது. மே மாதம் 20,000 வேலைகளைக் குறைப்பதாகவும் உலகெங்கும் உள்ள 17 ஆலைகளை 10 ஆக்குவதாகவும் சொன்னது.

ஃபோர்டிலும் கூட்டணி முறிந்த பிறகு இப்படித்தான் நடந்தது. 2019 அக்டோபரில் மஹிந்திராவோடு கூட்டு நிறுவன அறிவிப்பு. 2020 கடைசி நாளோடு அது ரத்து. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவிப்பு. எட்டே மாதம். கூட்டணி முறிந்த செய்தியைப் படித்தவுடன் எச்சரிக்கையானவர்களுக்கு ஃபிகோ வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்க நேரம் இருந்தது.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு, அது அபூர்வம். டொயோட்டாவின் சிறிய கார் பிரிவான டைஹாட்சுவில் 64 மாடல்களின் சோதனைகளில் முறைகேடு நடந்தது 2023 டிசம்பரில் வெளியானது. தலைவர் பதவி விலகினார். குறுகிய காலத்தில் வண்டியை முடித்துக் கொடுக்கும் நெருக்கடியே காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது. இப்படித் தலைமை மாறினால், அந்த மாடலின் மறுசோதனை முடிவு வரும் வரை காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

பழைய பாடம்: ஃபியட் போனது, இன்ஜின் நிலைத்தது

இந்தியச் சாலைகளில் இந்தக் கணக்கு உண்மையா என்று பார்க்க ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2007 ஜனவரியில் ஸ்விஃப்டில் வந்த அந்த இன்ஜினை மாருதி உரிமம் பெற்று மானேசரிலேயே செய்தது. டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ, லீனியா, செவ்ரோலெட் செயில் எல்லாவற்றிலும் அதன் வடிவங்கள் ஓடின. பிஎஸ்6 புகை விதி வந்த 2020 ஏப்ரலோடு இந்தியாவில் அதன் காலம் முடிந்தது. ஃபியட் கடையைக் கட்டிவிட்டது, செவ்ரோலெட் 2017 முடிவிலேயே விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனாலும் புன்டோ வைத்திருப்பவர் டைமிங் செயின், ஆயில் பம்ப், இன்ஜெக்டர் எதற்கும் பெரிதாக அலைய வேண்டியதில்லை. ஸ்விஃப்ட் டீசலைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அலைய வைப்பது பம்பர், ஹெட்லைட், கதவுக் கைப்பிடி, ஸ்டீயரிங் ரேக் மாதிரி அந்த மாடலுக்கே உரிய பாகங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் ஒன்றாக இருந்தாலும் எல்லாப் பாகமும் பொருந்தாது. 75 குதிரைத்திறன் வடிவத்தின் டர்போ வேறு, 90 குதிரைத்திறன் வடிவத்தின் டர்போ வேறு. இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்டியின் மென்பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பழைய ஸ்விஃப்டிலிருந்து கழற்றிய இசியுவை புன்டோவில் மாட்டினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. ‘ஒரே இன்ஜின்’ என்று சேல்ஸ்மேன் சொன்னால், பாக எண் ஒன்றா என்று கேளுங்கள்.

மாருதி பலேனோ, டொயோட்டா கிளான்சா

மாருதியின் தாய் நிறுவனமான சுஸுகி ஒருமுறை கூட்டணியில் சூடுபட்டது. 2009 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் அதன் 19.9% பங்கை வாங்க ஒப்பந்தம் ஆனது. சமபங்காளி என்று நம்பி உள்ளே வந்த சுஸுகிக்கு, தன்னைக் கட்டுப்படுத்த நினைக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தது. சுஸுகி ஃபியட்டிடம் டீசல் இன்ஜின் வாங்கியதை ஒப்பந்த மீறல் என்றது ஃபோக்ஸ்வாகன். விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போய், 2015-ல்தான் சுஸுகி தன் பங்கைத் திரும்ப வாங்கியது.

டொயோட்டாவோடு போட்ட ஒப்பந்தத்தின் அமைப்பே வேறு. 2019-ல் டொயோட்டா சுஸுகியின் 4.94% பங்கை எடுத்தது; சுஸுகியும் டொயோட்டாவின் சிறு பங்கை வாங்கியது. பணத்தைவிட வண்டிகள்தான் இதைக் கட்டி வைத்திருக்கின்றன. பலேனோ கிளான்சாவாகவும், ஃப்ராங்க்ஸ் டைசராகவும், எர்டிகா ரூமியனாகவும் டொயோட்டாவுக்குப் போகின்றன. எதிர்த்திசையில் இன்னோவா ஹைகிராஸ் இன்விக்டோவாக மாருதிக்கு வருகிறது. கிராண்ட் விட்டாரா டொயோட்டாவின் பிடதி ஆலையில் தயாராகிறது. இரு பக்கமும் மற்றவரின் ஆலையை நம்பி இருக்கும்போது ஒரே நாளில் பிரிய முடியாது. நாற்பது ஆண்டுக்கு மேல் நிறுவனத்தை நடத்திய ஒசாமு சுஸுகி 2024 டிசம்பர் 25 அன்று காலமானபோதும் எதுவும் ஆடவில்லை. மகன் தோஷிஹிரோ 2015 முதலே தலைவராக இருக்கிறார்.

ஆகவே கூட்டணி பற்றிக் கவலை வேண்டாம். இரண்டில் எது என்பதே கேள்வி. இரண்டிலும் 1,197 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின், 90 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர்; 5 கியர் மேனுவல் அல்லது ஏஎம்டி (தானாகக் கியர் மாற்றும் மேனுவல் பெட்டி). வாரண்டியும் இப்போது ஒன்றே: 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். (மாருதி 2024 ஜூலை வரை 2 ஆண்டு, 40,000 கிலோமீட்டர்தான் கொடுத்தது. அப்போது கிளான்சாவுக்கு இருந்த பெரிய சாதகம் அதோடு போய்விட்டது.) கதவு, முன் கண்ணாடி, சஸ்பென்ஷன் எல்லாம் பொது. கிரில், முன் பம்பர், ஹெட்லைட் மட்டும் வேறு. விபத்தில் முதலில் அடிபடுவதும் அவைதான் என்பது கிளான்சாவின் சின்னச் சிக்கல்.

சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊரில் டொயோட்டா வொர்க்‌ஷாப் அருகில் இருந்து, இரண்டின் ஆன்-ரோடு விலையும் 15,000 ரூபாய்க்குள் நெருங்கினால் கிளான்சா தாராளமாக வாங்கலாம். வட்டத் தலைநகரிலோ அதைவிடச் சிறிய ஊரிலோ இருப்பவர் யோசிக்கவே வேண்டாம், பலேனோ. மாருதி வொர்க்‌ஷாப்பில் கிளான்சாவுக்கு வாரண்டி வேலை செய்ய மாட்டார்கள். அதற்கு டொயோட்டாவிடம்தான் போக வேண்டும். பேட்ஜ் நின்று போனால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் கையில் இருக்கிறது. பிரெஸ்ஸாவை வைத்து வந்த டொயோட்டா அர்பன் குரூசர் 2020-ல் வந்து 2022-ல் போய்விட்டது. இன்ஜின் பாகங்களுக்கு இன்றும் குறைவில்லை; அதற்கே உரிய கிரில்லையும் பம்பரையும்தான் தேட வேண்டும்.

ரெனோ கைகர், நிஸ்ஸான் மேக்னைட்

2010 மார்ச்சில் திறந்த ஒரகடம் ஆலை ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல் கார் செய்யக்கூடியது. தொடக்கத்தில் நிஸ்ஸானுக்கு 70, ரெனோவுக்கு 30. 2023-ல் 51-49 என்று திருத்தினார்கள். இப்போது முழுவதும் ரெனோ. நிஸ்ஸான் தன் வண்டிகளை ரெனோவின் ஆலையில் செய்து வாங்கும் வாடிக்கையாளர் ஆகிவிட்டது.

ஆலையை வாங்கியவர் ரெனோவின் அப்போதைய தலைவர் லூக்கா டி மேயோ. அவரோ 2025 ஜூலையில் கார் தொழிலையே விட்டு குச்சி (Gucci) என்ற ஆடம்பரப் பொருள் நிறுவனத்தை வைத்திருக்கும் கெரிங் குழுமத்துக்குப் போய்விட்டார். அடுத்து வந்த ஃபிரான்சுவா ப்ரோவோ கொள்முதலையும் கூட்டணிகளையும் கவனித்தவர். ஆலையை வாங்கிய கையோடு ரெனோ ஊரை விட்டுப் போகும் என்று நினைக்க முகாந்திரம் இல்லை. 100% சொந்த ஆலை, அதோடு நிஸ்ஸானின் ஆர்டர். ரெனோ பக்கம் எங்களுக்கு அச்சம் குறைவு.

நிஸ்ஸான் பக்கம்? மேக்னைட் இந்தியாவுக்கு மட்டும் செய்யும் வண்டி அல்ல. இடப்பக்க ஸ்டீயரிங் வைத்தும் செய்து பல நாடுகளுக்கு ஏற்றுமதி ஆகிறது. இங்கே விற்பனை சரிந்தாலும் ஏற்றுமதி நடக்கும் வரை பாக உற்பத்தி நிற்காது. ஸ்பேர் கணக்கில் இது பெரிய பலம். கைகர், மேக்னைட், ரெனோவின் ட்ரைபர் மூன்றிலும் அதே 999 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின், 72 குதிரைத்திறன். கைகருக்கும் மேக்னைட்டுக்கும் 100 குதிரைத்திறன் டர்போவும் பொது. டாட்சன் பேட்ஜை நிஸ்ஸான் 2022-ல் இந்தியாவில் மூடியபோது ரெடி-கோ வைத்திருந்தவர்கள் தப்பித்தது அதே இன்ஜினோடு ரெனோ க்விட் தொடர்ந்து ஓடியதால்தான்.

இந்த ஜோடியில் எங்கள் ஓட்டு கைகருக்கு. ஆலையின் உரிமையாளர் பேட்ஜுக்குத்தான் பாகங்கள் முதலில் வரும். பேட்ஜ் போனால் டீலர் கடையும் போகும். ஆனால் உங்கள் ஊரில் நிஸ்ஸான் வொர்க்‌ஷாப் நன்றாக நடந்து ரெனோ 60 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மேக்னைட்டே சரி.

டர்போ எடுத்தால் இன்னொரு முடிவும் காத்திருக்கிறது: மேனுவலா, சிவிடியா? சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) நகர நெரிசலில் சொகுசு. ஆனால் உள்ளே உலோக பெல்ட்டும் கூம்புத் தட்டுகளும் எண்ணெய் அழுத்தத்தை நம்பி ஓடுபவை. அந்த நிறுவனம் சொல்லும் எண்ணெயைத் தவிர வேறு ஊற்றினால் பெல்ட் வழுக்கி, தட்டில் கோடு விழும். அப்புறம் உள்ளூரில் பிரித்துச் சரிசெய்யும் ஆள் கிடைப்பது அரிது, முழு கியர்பாக்ஸ் மாற்றச் சொல்வார்கள். ஆகவே சிவிடி என்றால் நீட்டித்த வாரண்டியை முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

சிஎன்ஜி வேண்டுமானால் இந்த ஜோடியைத் தள்ளிவைக்கலாம். மாருதி, ஹூண்டாய், டாடா வண்டிகளில் கிட் ஆலையிலேயே பொருத்தி வரும். ரெனோ, நிஸ்ஸான் வண்டிகளுக்கு அங்கீகாரம் பெற்ற கிட்டை டீலர் மட்டத்தில் மாட்டுகிறார்கள். ஆர்சி புத்தகத்தில் எரிபொருள் மாற்றம் ஏற வேண்டும், கிட்டின் வாரண்டி கிட் செய்தவர் பொறுப்பு. இன்ஜின் தட்டினால் கிட்காரர் கார் நிறுவனத்தைக் கை காட்டுவார், கார் நிறுவனம் கிட்காரரைக் கை காட்டும். எந்தக் கிட் ஆனாலும் சிலிண்டருக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம்.

மற்ற மூன்று பேர், சுருக்கமாக

ஹூண்டாய்க்கு வெளிக் கூட்டாளி தேவைப்படவில்லை, கியா உடன்பிறப்பு. கிராண்ட் ஐ10 நியோஸ், ஆரா, எக்ஸ்டர், ஐ20 எல்லாவற்றிலும் அதே 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் கப்பா இன்ஜின். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஆலை நடக்கிறது. சான்ட்ரோ 2022-ல் நின்றுபோனது. ஆனால் ஸ்பேருக்கு யாரும் திண்டாடவில்லை. விலை மாருதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே.

டாடா டியாகோ 2016 முதல் இருக்கும் வண்டி. அதன் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின் டிகோர், பஞ்ச், அல்ட்ரோஸ் மூன்றிலும் உண்டு. எடுக்கும் முன் டீலரின் சர்வீஸ் தரத்தை மட்டும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஊருக்கு ஊர் அது ரொம்பவே மாறுகிறது.

சிட்ரோயன் சி3 ஓட்டுவதற்கு நல்ல வண்டி, பள்ளம் மேடு தெரியாத சஸ்பென்ஷன். திருவள்ளூரில்தான் தயாராகிறது, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஓசூரில். ஆனாலும் எங்கள் கணக்கில் கடைசி இடம். இன்ஜினைப் பகிர்ந்துகொள்வது பசால்ட், ஏர்கிராஸ் என்று அதே பேட்ஜின் வண்டிகள் மட்டுமே. தாய் நிறுவனம் ஸ்டெல்லான்டிஸில் கார்லோஸ் டவாரெஸ் 2024 டிசம்பர் 1 அன்று இயக்குநர் குழுவோடு முரண்பட்டு விலகினார். 2025 ஜூனில் அன்டோனியோ ஃபிலோசா வந்தார். புதிய தலைவர் நஷ்டக் கணக்கைப் பிரித்துப் பார்க்கும்போது விற்பனை குறைந்த நாடுதான் முதலில் கண்ணில் படும். பெரிய தள்ளுபடியில் கிடைத்து, நான்கைந்து ஆண்டில் விற்காமல் ஓட்டித் தீர்ப்பேன் என்பவர் மட்டும் பார்க்கலாம்.

தள்ளுபடி எவ்வளவு இருந்தால் சரி?

6 லட்சம் ரூபாய் வண்டி ஒன்று ஐந்தாம் ஆண்டில் 50 சதவீத விலைக்குப் போகிறது, போட்டி வண்டி 40 சதவீதத்துக்குத்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 60,000. ஷோரூமில் 40,000 தள்ளுபடி என்று சொல்லி அதைத் தலையில் கட்டினால் உங்களுக்கு 20,000 நஷ்டம். உங்கள் ஊர்ப் பழைய கார் கடைகள் இரண்டில், ஐந்து ஆண்டு ஓடிய அதே மாடலுக்கு என்ன விலை கொடுப்பார்கள் என்று கேட்டு இந்தக் கணக்கில் போடுங்கள். தமிழ்நாட்டில் சாலை வரி 5 லட்சம் வரை 12%, அதைத் தாண்டி 10 லட்சம் வரை 13% என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரம்பை ஒட்டிய வண்டியில் ஒரு சின்ன வேரியன்ட் மாற்றம்கூட வரியை நகர்த்தும்.

பிறகு சேல்ஸ் மேஜையை விட்டு எழுந்து, பின்னால் இருக்கும் ஸ்பேர் கவுன்டருக்குப் போங்கள். இடது ஹெட்லைட், முன் பம்பர், முன் கண்ணாடி, கிளட்ச் செட், ஏஎம்டி என்றால் அதன் ஆக்சுவேட்டர்: இந்த ஐந்தின் விலையையும், இன்று ஆர்டர் போட்டால் என்றைக்கு வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஐந்தில் மூன்று ஒரு வாரத்துக்குள் வந்தால் நல்ல வண்டி. ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்று இழுத்தால் தலைமை அலுவலகத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அது உங்களுக்கு ஆகாது. நீட்டித்த வாரண்டியை விற்கும்போது, பொறுப்பு கார் நிறுவனத்துடையதா, காப்பீட்டு நிறுவனத்துடையதா என்று தாளில் பாருங்கள். டீலர் தன் பெயரில் கொடுக்கும் வாரண்டி, டீலர் கடையை மூடும் நாள் வரைதான்.

ஏஎம்டி பற்றி ஒரு வார்த்தை. இந்த விலையில் நிறையப் பேர் கேட்பது அதைத்தான். மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் இயந்திரம் தானாக மாற்றுகிறது, அவ்வளவே. மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் அரைப் பிடியில் வழுக்கிச் சூடாகும், வாசம் வரும், 30,000 கிலோமீட்டரிலேயே தட்டு போகலாம். நீண்ட சிக்னலில் நியூட்ரல், மேட்டில் கைப் பிரேக். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் வீடு என்றால் மேனுவல் வாங்குங்கள்.

மாதம் 600 கிலோமீட்டருக்குள் ஓட்டி, வண்டியைப் பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவருக்கு எங்கள் வரிசை இது: 5 லட்சத்துக்குள் ஆல்டோ கே10 அல்லது வேகன் ஆர், இரண்டிலும் 998 சிசி கே10 இன்ஜின், இப்போது ஆறு ஏர்பேக்கும் உண்டு (இரண்டு ஏர்பேக்கோடு வரும் எஸ்-பிரெஸ்ஸோவை விலை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள்). 6 முதல் 8 லட்சத்தில் பலேனோ, அடுத்து நியோஸ். குடும்பத்தில் ஆறேழு பேர் என்றால் ட்ரைபர், மேனுவல் மட்டும். புக்கிங் தொகை கட்டும் முன் சேசிஸ் எண்ணைக் கேட்டு, வண்டி தயாரான மாதத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் யார்டில் வெயிலில் நின்ற வண்டி என்றால் பேட்டரியையும் டயரில் அழுத்தத் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.